குமரேசனுக்கு, மரம் அறுக்கும் மெஷின் வாங்கும் முன்

பொள்ளாச்சி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தோள்பட்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை ராத்திரி வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறாள்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, ஆனால் சந்தோஷப்படும்படியான வேலை இல்லை. ஆனைமலைப் பக்கம் தென்னையில் வேர் வாடல் நோய் பரவிக் கிடக்கிறது. ஓலை துவண்டு, விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்துவிடும். காய்ப்பு நின்றுபோன மரங்களை வெட்டி அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். தாத்தா காலத்து மரத்தை வெட்டிவிட்டு, அறுக்கும் மெஷினின் மழுங்கிய செயினோடு வந்து உட்காருகிறவர்களிடம் என்ன பேசுவது? அரத்தை எடுத்துத் தீட்டிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகன் கனடாவிலிருந்து வரும்போது பேட்டரி மெஷின் வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். விமானத்தில் லித்தியம் பேட்டரி கொண்டுவரக் கணக்கு இருக்கிறது. 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை. 160 வரை விமான கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியே 180 வந்துவிடும். மெஷின் மட்டும் வந்து பேட்டரி வராவிட்டால் என்ன பயன்? அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட். அதற்கென்று செய்த சார்ஜரை நம் 230 வோல்ட்டில் செருகினால் போய்விடும். பழுது பார்க்க இங்கே யாரிடம் கொடுப்பாய்?

"ஜெர்மன் மெஷின்தான் மெஷின், சைனா வேண்டாம்" என்று உன் தம்பி சொல்வதையும் எழுதியிருந்தாய். அவன் சொல்வதில் நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்டில் கம்பெனி 1926இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. அவர்களுடைய முதல் மெஷின் கரண்டில் ஓடியது, தெரியுமா? இரண்டு பேர் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். பெட்ரோலில் ஓடுவது 1929இல்தான் வந்தது. இன்று அதே ஸ்டில்லுக்கு ஜெர்மனியோடு அமெரிக்காவில் வர்ஜீனியா பீச்சிலும், பிரேசிலிலும், சீனாவில் சிங்தாவ் நகரத்திலும் ஆலைகள் உண்டு. செயின் மட்டும் சுவிட்சர்லாந்தில் செய்கிறார்கள். டோல்மார் என்று இன்னொரு பழைய ஜெர்மன் கம்பெனி. ஜப்பானின் மகிட்டா அதை 1991இல் வாங்கியது. அந்த மகிட்டாவே 2022 மார்ச்சோடு பெட்ரோல் இன்ஜின் கருவிகள் செய்வதை நிறுத்திவிட்டு முழுக்க பேட்டரிக்குப் போய்விட்டது. ஆக, பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. அடியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

செயினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மரம்வெட்டி ஜோசப் காக்ஸ், 1946இல் விறகு பிளக்கும்போது ஒரு மரத்துண்டுக்குள் வண்டுப் புழுவைப் பார்த்தார். நார் ஓடும் திசையிலும் குறுக்கேயும், எப்படி வேண்டுமானாலும் அது மரத்தைக் குடைந்துகொண்டு போனது. தாடை இடமும் வலமுமாக அசைந்து சீவியது. அதைப் பார்த்துத்தான் இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். உன் வீட்டு மெஷினில் இருக்கும் செயினையும் கையில் எடுத்துப் பார், பல் அப்படித்தான் மாறி மாறி இருக்கும்.

சைனா மெஷின் எல்லாமே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைகளில் விதவிதமான பெயரில் தொங்கும் 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) வைத்த மெஷின்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பு. ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றுக்குச் சேரும். அதனால் ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், விலையும் குறைவு. வருஷத்துக்குச் சில நாள் ஓட்டுகிறவனுக்கு அது போதும். தினம் கூலிக்கு அறுக்கிறவன் நல்ல கம்பெனி மெஷினுக்குத்தான் போக வேண்டும். அதிர்வு குறைவாக இருக்கும். கை விரல் மரத்துப்போகும் வியாதி அதிர்விலிருந்து வருவதுதான். நான் பார்ப்பது ஒன்றுதான்: பட்டுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ அதைத் திறந்து சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? செயின், பார், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் எல்லாம் அங்கேயே கிடைக்குமா?

இனி பேட்டரியா பெட்ரோலா. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது (ஒரு யூனிட் என்றால் 1000 வாட்-மணி). முன்னே சொன்ன 180 வாட்-மணி பேட்டரியில் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்ஜின் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கினாலும், நாள் முழுக்க அறுக்கிற வேலைக்குப் பெட்ரோல்தான். தென்னை வேறு பொல்லாத மரம். வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே பஞ்சு. நார் ஸ்பிராக்கெட் மூடிக்குள் திரளாக அடைத்துக்கொள்ளும். அடிமரத்தில் மண் ஒட்டியிருந்தால் கொஞ்ச நேரத்திலேயே சீவலுக்குப் பதில் மாவாகக் கொட்டும். மாவு கொட்டினால் பல் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது அழுத்தினால் பேட்டரி சரசரவென்று இறங்கும்.

ஆனால் உனக்கு வேலை என்ன? வேலியில் சாய்ந்த பூவரசங்கிளை, வாய்க்காலில் விழுந்த ஒரு மரம், அடுப்புக்கு விறகு. அதற்குப் பேட்டரி போதும், போதும் என்ன, அதுதான் சரி. ஆபரேஷன் ஆன தோளை வைத்துக்கொண்டு நீ கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கூடாது. என் பட்டறைக்கு வரும் பெட்ரோல் மெஷின்களில் பாதி, ஓடிக் கெட்டவை அல்ல, ஓடாமல் கிடந்து கெட்டவை. இப்போது பெட்ரோல் பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டரின் ரப்பர் சவ்வு விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சமும் தீர்ந்து தானாக அணையும்வரை ஓட்டிவிட வேண்டும். இதை எத்தனை பேர் செய்கிறார்கள்?

ஆன்லைனில் 21 வோல்ட் என்று விற்கும் கைக்கடக்கமான மெஷினை மட்டும் வாங்காதே. 18 வோல்ட் பேட்டரியும் அதுவும் ஒன்றுதான்: ஐந்து செல், முழு சார்ஜில் ஒன்றுக்கு 4.2, அவ்வளவே. அதில் 48 வோல்ட், 88 வோல்ட் என்கிற மாதிரி அச்சடித்து விற்கிறார்கள். ஒரு கையில் பிடித்து அறுக்கத் தோன்றும், ஆபத்தே அங்கேதான். பெரிய பேட்டரி மெஷினிலும் ஒரு பழக்கம் வேண்டும். சத்தமில்லாமல் நிற்கிறதே என்று செயினைத் தொடாதே, முதலில் பேட்டரியைக் கழற்று.

அதற்காகப் பழைய பெட்ரோல் மெஷினை எடைக்குப் போட்டுவிடாதே. 2018 நவம்பர் 16ஆம் தேதியை மறந்துவிட்டாயா? கஜா புயல் அடித்த பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தீர்கள். தென்னை முழுக்க ரோட்டில், சார்ஜ் போட இடமில்லை. அன்றைக்கு வழியைத் திறந்துவிட்டது பெட்ரோல் மெஷின்கள்தான். அதைத் தம்பி கையில் கொடு. ஐப்பசி பிறக்கும் முன் ஒருதரம் ஓட்டிப் பார்க்கச் சொல். ஆயில் கலவை அதன் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40. கண் அளவில் ஊற்ற வேண்டாம்.

அந்தப் பழைய மெஷினின் பாரைத் துணியால் துடைத்துப் பார். அடியில் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), தடிமன், செயினின் கண்ணி எண்ணிக்கை என்று மூன்று எண் அடித்திருக்கும். எழுதி அனுப்பு, அல்லது போட்டோ எடுத்துத் தம்பியை வாட்ஸ்அப்பில் போடச் சொல். புது செயின் ஒன்றும் உருண்டை அரமும் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன். பணம் பற்றிப் பேசினால் கோபம் வரும்.

அன்புடன்,
தங்கவேல்