ஸோஃபால உக்கார வெச்சாதான் வருவேன்

கண்ணம்மா,

மெசேஜ் படிச்சேன். உன் ஸ்டாண்டப் காமெடி செட்லேர்ந்து அந்த அரசியல் ஜோக் பிட்டை வெட்டிட்டு வந்தாதான் அடுத்த ஷோ தர்றோம்னு ஷோ நடத்தறவங்க சொல்றாங்களாமே. எனக்கு உடனே டிக் கிரிகரி ஞாபகம்தான் வந்துச்சு, அமெரிக்க கறுப்பின ஸ்டாண்டப் காமெடியன், நீ பேர் கேள்விப்பட்டிருப்ப, ஆனா அவர் என்னென்ன பண்ணார்னு முழுசா தெரியுமான்னு தெரியல.

1961 ஜனவரில சிகாகோ பிளேபாய் கிளப்ல வேற ஒருத்தருக்கு பதிலா மேடை ஏறினார். முன்னாடி உக்காந்திருந்தவங்க முக்கால்வாசி தெற்கு மாநிலத்து வெள்ளைக்கார பிசினஸ் ஆளுங்க. அவங்க ஊர் இனவெறிய வெச்சே அவங்கள சிரிக்க வெச்சார். பேர் வந்துச்சு. அப்புறம் ஜாக் பார்னு ஒருத்தர் நடத்தின பேட்டி டிவி ஷோல கூப்பிட்டாங்க, எவ்ளோ பெரிய சான்ஸ், மாட்டேன்னுட்டார்டி! வெள்ளைக்கார காமெடியன் ஜோக் முடிச்சதும் ஸோஃபால உக்கார வெச்சு பேசுவாங்க, கறுப்பர்னா ஜோக் சொல்லிட்டு அப்படியே போயிரணும். அந்த ஸோஃபால உக்கார வெச்சாதான் வருவேன்னு நின்னார், கடைசில ஜாக் பாரே ஃபோன் போட்டு சரின்னார். உக்காந்து தன் புள்ளைங்கள பத்தி சாதாரணமா பேசினார், கறுப்பு குழந்தைங்களும் எங்க குழந்தைங்க மாதிரிதான்னு இப்பதான் தெரியுதுன்னு ஜனங்க ஃபோன் பண்ணாங்கன்னு அவரே பின்னாடி சொல்லிருக்கார்.

ஆனா எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சது மேடைக்கு வெளில பண்ணதுதான். மிசிசிப்பி மாநிலத்து கிரீன்வுட்ல கறுப்பர்கள் ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்க போனதுக்கு, அந்த கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் ஏழைகளுக்கு வந்துட்டிருந்த அரசாங்க உணவுப்பொருளையே குளிர்காலத்துல நிறுத்திருச்சு. இவர் 1963ல சும்மா ஜோக் அடிச்சுட்டு இருக்கல, டன் கணக்குல சாப்பாட்டு சாமான ஃபிளைட்ல ஏத்திட்டு நேரா போய் எறங்கினார். அதே வருஷம் அலபாமா மாநிலத்து பர்மிங்காம்ல கறுப்பர் உரிமைப் போராட்டத்துக்காக ஜெயில். 1965ல லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ்ங்கற ஏரியால நடந்த கலவரத்த அடக்க நடுவுல போய் கால்ல குண்டு வாங்கினார். வியட்நாம் போருக்கு எதிரா பட்டினி கெடந்தார். 1968ல ஜனாதிபதி தேர்தல்லயே நின்னார், பிரச்சாரத்துக்கு தன் மூஞ்சி போட்ட டாலர் நோட்டு மாதிரி நோட்டீஸ் அடிச்சார், கவர்மென்ட் ஆளுங்க வந்து பறிமுதல் பண்ணாங்க. கடைசி காலத்துல அவர் பேசின சதித்திட்ட கதையெல்லாம் நான் ஏத்துக்க மாட்டேன், அது வேற.

இதுக்கெல்லாம் நெறைய ஷோவும் பணமும் போச்சு. வீட்ல பத்து புள்ளைங்க. அவர் ஒய்ஃப் லில்லியனும் அதே அலபாமால செல்மாங்கற ஊர்ல ஜெயிலுக்கு போனவங்கதான், அவங்க இல்லாம இவர் இப்படி ஓடியிருக்க முடியாது. உன் வாடகை பயம் எனக்கு புரியுதுடி, அத நாங்க பாத்துக்கறோம், அதுக்காக பிட்டை வெட்டாத.

அந்த ஷோ நடத்தறவங்களுக்கு மரியாதையாவே பதில் எழுது, ஃபுல் செட்டும் பண்ணுவேன், இல்லன்னா வரலன்னு. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு படிச்சு காட்டு. அப்புறம் அந்த துப்புரவு தொழிலாளர் போராட்டத்த பத்தி பேசறல்ல, ஜோக்கோட நிறுத்தாத, அவங்க உக்காந்திருக்கற எடத்துக்கும் போய்ட்டு வா.

அம்மா