அந்த உருண்டை மேகப் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்சத்திரங்கள் பிறப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக இருந்தது, குறையில்லை. கூடவே போட்டிருந்த படத்தோடுதான் எனக்கு வழக்கு. முதல் கட்டத்தில் பந்து மாதிரி ஒரு மேகம், இரண்டாவதில் அது சுருங்குகிறது, மூன்றாவதில் நட்சத்திரம் தயார். கொழுக்கட்டை பிடிப்பதுகூட இதைவிடக் கஷ்டம். பள்ளியில் இயற்பியல் எடுத்த காலமெல்லாம் நானும் இதே படத்தைத்தான் கரும்பலகையில் வரைந்தேன், அதனால் ரொம்பக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. ஆனால் இடையில் ஒரு பெரிய சமாசாரம் நடந்துவிட்டது.

2009 மே மாதம் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஹெர்ஷல் தொலைநோக்கியை அனுப்பியது. நட்சத்திரம் பிறக்கும் மேகங்களின் உட்புறத்தில் வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசாது. தொலை அகச்சிவப்புக் கதிர்களில்தான் மினுங்கும். அதைப் பிடிக்கத்தான் 3.5 மீட்டர் ஆடியும் திரவ ஹீலியத்தில் குளிரவைத்த கருவிகளும். 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்து கண் மூடுவதற்குள் அது எடுத்த மேகப் படங்களைப் பாருங்கள். பந்தைத் தேடிப் போனால் கிடைப்பது இழைகள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கிளை விட்டு, சிக்குவிழுந்த நூல்கண்டு மாதிரி. அந்த இழைகளின் மேல்தான் நட்சத்திரக் கருக்கள், அதாவது பின்னால் நட்சத்திரமாகப்போகும் அடர்ந்த வாயுக் கட்டிகள், சிலந்தி நூலில் பனித்துளி நிற்பதுபோல நிற்கின்றன.

இழைகள் இருப்பது முன்பே தெரியாதா என்றால், தெரியும். அமெரிக்க வானியலாளர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு ரிஷப ராசிப் பக்கம் எடுத்த புகைப்படங்களை 1907இல் வெளியிட்டபோதே கறுப்பு நாடாக்கள் தெரிந்தன. அவை வானத்தில் உள்ள ஓட்டைகளா, வெளிச்சத்தை மறைக்கும் பொருளா என்று அந்த மனிதர் வருடக்கணக்கில் தடுமாறினார். கார்த்திகைக் கூட்டத்திலிருந்து வடகிழக்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி அகலத்துக்குள் அந்த இடம் வந்துவிடும். தூரம் சுமார் 450 ஒளியாண்டு. வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இருட்டுதான்.

ஹெர்ஷல் புதிதாகச் சொன்னது, எது முதலில் என்பதை. துருவ நட்சத்திரத்தின் திசையில் ஒரு மெல்லிய மேகம் இருக்கிறது. அதில் இழைகள் ஏராளம், நட்சத்திரப் பிறப்பு மட்டும் இல்லை. அக்விலா (கழுகு) விண்மீன் குழுவின் திசையில் உள்ள மேகத்திலோ இழைகளும் உண்டு, கருக்களும் கொட்டிக் கிடக்கின்றன. ஆக இழை முதலில் உருவாகிறது, நட்சத்திரம் பிறகுதான். அப்புறம் ஏன் ஒன்று பெறுகிறது, இன்னொன்று பெறவில்லை? எடைதான் காரணம். அந்தக் குளிரில் இழையின் ஒவ்வோர் ஒளியாண்டு நீளத்திலும் ஏறக்குறைய ஐந்து சூரியன்களின் எடை சேர்ந்துவிட்டால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தால் தாங்க முடியாது. இழை தன் எடையிலேயே நொறுங்கித் துண்டுகளாகும். அக்விலாவில் எண்ணிப் பார்த்த கருக்களில் நான்கில் மூன்று, இந்த வரம்பைத் தாண்டிய இழைகளில்தான் இருந்தன. குழாயை லேசாகத் திறந்துவிட்டால் நூலாக இறங்கும் தண்ணீர் சொட்டுகளாக உடைகிறதே, கிட்டத்தட்ட அப்படி. (தண்ணீரை உடைப்பது பரப்பு இழுவிசை, இங்கே ஈர்ப்பு. மாணவர்கள் யாராவது படித்தால் தேர்வில் மாற்றி எழுதிவிடக் கூடாது.)

கட்டுரையில் சந்திரசேகரைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. சந்தோஷம். ஆனால் வழக்கம்போல வெண்குள்ளன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களின், எடை வரம்போடு அவரை முடித்துவிட்டீர்கள். 1953இல் அவரும் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியும் சேர்ந்து, காந்தப்புலம் ஊடுருவிய, முடிவில்லாத நீளமுள்ள ஒரு வாயு உருளை ஈர்ப்பில் எப்படி உடையும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது நம் பால்வீதியின் சுருள்கரம். கணக்கோ இன்றைய இழைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது. தூசியில் பட்டு வரும் ஒளியின் முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை வைத்துக் காந்தப்புலத்தின் வலிமையை மதிப்பிட அதே ஆண்டு அவர்கள் சொன்ன வழியை இந்த மேகங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கும்போது பெட்டிக்குள் அடைப்பானேன்?

இன்னொன்று, சொல் பற்றியது. கட்டுரையாளர் எல்லாவற்றையும் ‘நூலிழை’ என்று எழுதிவிட்டார். பல்பின் டங்ஸ்டன் இழையைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு ‘இழை’ என்ற சொல்லே போதும். ஆனால் 2013இல் ரிஷப மேகத்தின் பெரிய இழை ஒன்றை ரேடியோ அலைகளில் ஆராய்ந்தபோது, அது ஒற்றை இழையல்ல, வெவ்வேறு வேகத்தில் நகரும் 35 மெல்லிய சரடுகளின் கட்டு என்று கண்டார்கள். ஓரியன் மேகத்தில் 2018இல் இப்படி 55 எண்ணினார்கள். இவற்றையும் இழை என்றால் குழப்பம் வரும். நான் பொள்ளாச்சிக்காரன். இங்கே கயிறு திரிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இரண்டு புரிக் கயிறு, மூன்று புரிக் கயிறு. பெரியது இழை, அதற்குள் இருப்பது புரி. கலைச்சொல் குழு எதுவும் கூட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்துபோன விஷயம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மேகங்களின் இழைகள் ஏறத்தாழ ஒரே அகலத்தில், அதாவது 3 லட்சம் கோடி கிலோமீட்டர் அளவில், இருப்பதாக 2011இல் அறிவித்தார்கள். இயற்கைக்கு ஏன் அந்த ஓர் அளவு பிடித்துப்போயிற்று என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அளந்த முறையால் வந்த மாயை அது என்று சொல்பவர்களும் உண்டு. தென்வானில் மஸ்கா என்றோர் இழை, ஊசி போல நேராக இருக்கும். அது இழையே இல்லை, நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் தகடு என்று 2018இல் இரண்டு பேர் வாதிட்டார்கள். சண்டை ஓயவில்லை. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும், அதை நீங்கள் தொடவே இல்லை.

அடுத்த இதழில் ஹெர்ஷல் எடுத்த ரிஷப மேகப் படத்தை முழுப்பக்கத்தில் வண்ணத்தில் போட வேண்டுகிறேன். இடமில்லை என்றால் ராசிபலன் பக்கத்தில் ரிஷபத்துக்குப் போடும் காளைமாட்டை எடுத்துவிட்டு அங்கே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பொள்ளாச்சி