பழைய இரும்பா, புது மூளையா: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படங்களும் வந்தன. டொயோட்டாவின் அந்தப் பழைய லேண்ட் க்ரூசர் 80 சீரிஸ் படத்தை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையும் அந்தக் கட்சிதான் என்று எழுதியிருந்தாய். நீ மட்டும் புது வண்டிப் பக்கம் நிற்கிறாய், துணைக்கு என்னைக் கூப்பிடுகிறாய். சர்வே வேலையில் இருந்தவரை சாலை இல்லாத இடங்களில்தான் எனக்கு ஓட்டம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். முழுக்க உன் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

பழையதற்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1990இல் வந்த அந்த 80 சீரிஸில் முன்னாலும் பின்னாலும், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும். இடது சக்கரம் பாறைமேல் ஏறினால் அதே தண்டு வலது சக்கரத்தைக் கீழே தள்ளும். அதனால் மேடு பள்ளத்தில் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். விசையை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டையும் சக்கரங்களோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அநேகமாக மாறாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் (ஸ்பிரிங் அமைப்பு) வைத்த புது வண்டி அப்படியல்ல. குழியில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கியதும் வண்டியின் வயிறும் கீழே வந்துவிடும். விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கணக்கு.

அதே ஆக்சில்தான் நெடுஞ்சாலையில் சோதிக்கும். கனமான அந்தத் தண்டு ஒரு பக்கம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் ஆடும். ஸ்டியரிங் பாக்ஸில் தேய்மானம் சேர்ந்திருந்தால் நேர் சாலையிலும் நீ விடாமல் திருத்திக்கொண்டே போக வேண்டும். 1998இல் 100 சீரிஸ் வந்தபோது பெரும்பாலான மாடல்களில் முன்பக்கத்தைத் தனி சஸ்பென்ஷனாக மாற்றினார்கள். 1979இலிருந்து முன்னால் தண்டு ஆக்சிலோடு வந்த மெர்சிடஸ் ஜி கிளாஸும் 2018இல் அதைக் கைவிட்டது. வாங்குகிறவர்கள் அதிகம் ஓட்டுவது தார்ச்சாலையில்தான் என்பது தயாரிப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். கரடுமுரடான பாதையில் நீங்கள் 10 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள், நெடுஞ்சாலையில் 100. வேகம் பத்து மடங்கானால், மோதும்போது வெளிப்படும் ஆற்றல் நூறு மடங்கு. செங்குத்துச் சரிவை விட்டுவிட்டால், பாதையில்லாத இடத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் மாட்டிக்கொள்வதோடு முடியும். மண்ணைத் தோண்டலாம், இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் இரவு வண்டியிலேயே தூங்கலாம். நெடுஞ்சாலை அந்த அவகாசத்தைக் கொடுக்காது. நீங்களோ வருஷத்தில் முக்கால்வாசி நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறீர்கள். பிறகு எந்தச் சாலையை வைத்து வண்டியை எடை போடுவது?

உயரமான வண்டியைப் பதற்றத்தில் வெடுக்கென்று திருப்பினால் கவிழப் பார்க்கும். அதைத் தடுப்பதில் பெரிய முன்னேற்றம் ஈஎஸ்சி என்கிற எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். வண்டி வழுக்கத் தொடங்கியதும் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துத் திசைக்குக் கொண்டுவந்துவிடும். மனிதக் காலால் அது முடியாது, இருப்பது ஒரே பெடல்தானே. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 80 சீரிஸில் அது கிடையாது.

"அந்தக் காலத்து இரும்பு தாங்கும்" என்று அப்பா சொல்வார். 2009இல் அமெரிக்காவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு ஒரு 1959 பெல் ஏர் காரையும் ஒரு 2009 மாலிபு காரையும் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பழைய காரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நொறுங்கிப்போனது. புதியதில் பொம்மை ஓட்டுநருக்குக் காலில் சின்னக் காயம்தான் என்று கணித்தார்கள். அவை எஸ்யூவிகள் இல்லை. உன் 80 சீரிஸ் அவ்வளவு பழசும் இல்லை. ஆனால் கதை அதேதான்: முன்பகுதி முறையாக மடங்கி அடியை வாங்கிக்கொள்ளாவிட்டால், உள்ளே இருப்பவர்கள் வாங்க வேண்டியிருக்கும். இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெல் ஏர் என்ன அழகு என்று ஆரம்பித்துவிட்டார்.

பாதையில்லாத இடத்தில் புது வண்டி உதவாது என்ற பேச்சும் சரியில்லை. லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரியோடு நின்றது, தண்ணீரில் அது இறங்கக்கூடிய ஆழம் 500 மில்லிமீட்டர். புது டிஃபெண்டருக்கு லேடர் ஃப்ரேம் (உடலை அடியில் தாங்கும் ஏணி மாதிரிச் சட்டம்) கிடையாது, சட்டமும் கூடும் ஒன்றாகவே இருக்கும் அலுமினிய மோனோகாக் உடல், சஸ்பென்ஷனும் தனித்தனி. அது 900 மில்லிமீட்டர் வரை இறங்கும். ஆனால் மின்னணு டிராக்‌ஷன் கண்ட்ரோல், சக்கரம் பிடிப்பில்லாமல் வீணாகச் சுழன்ற பிறகுதான் பிரேக் போட்டு விசையை மறுபக்கம் அனுப்பும். டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் டிஃப் லாக், சக்கரம் அப்படிச் சுழலும் முன்பே இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். சேற்றில் ஏறும்போது அந்தச் சின்ன வித்தியாசம் தெரியும்.

நீ பார்த்திருக்கும் புது வண்டியில் எனக்கு உறுத்துவது வேறு. அதில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் வரிசை) இல்லை, ரிம் 20 அங்குலம். லோ ரேஞ்ச் இல்லாமல் செங்குத்து இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். பெரிய ரிம் என்றால் டயரின் பக்கச் சுவர் ஒல்லி. மணலில் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி டயரை அகலமாக்க அதில் இடமில்லை, கல் பட்டால் ரிம்மே அடிவாங்கும். அப்புறம் ஸ்டெப்னி. முழு அளவு டயர் இல்லாமல் ஒட்டுப்போடும் டப்பா மட்டும் இருந்தால் ஊரைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

பழுதுபார்ப்பது பழையதில் சுலபம். பழைய டீசல் என்ஜினில் பம்ப் முழுக்க மெக்கானிக்கல் என்பதால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் வழியிலேயே ஏதாவது செய்து ஓடவைப்பார். புது டீசலில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும், சிறுதூர ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். நீங்கள் நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுவதால் அந்தத் தொல்லை குறைவு. எரிபொருள் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம், பெட்டி மாதிரி வண்டியை 80இலிருந்து 100க்கு ஏற்றினால் காற்றைத் தள்ள மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் வேண்டும்.

அதனால் என் யோசனை, இரண்டும் வேண்டாம். நடுவயசு வண்டி ஒன்று தேடுங்கள். 2009இல் வந்த டொயோட்டா பிராடோ 150 மாதிரி: லேடர் ஃப்ரேம், பின்னால் தண்டு ஆக்சில், முன்னால் தனி சஸ்பென்ஷன், லோ ரேஞ்ச். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஏர்பேக்கும் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள். மாப்பிள்ளைக்கு ஃப்ரேமும் கிடைக்கும், எனக்குத் தூக்கமும் கிடைக்கும்.

அவர் 80 சீரிஸ்தான் என்று நின்றால் நேரில் போய்ப் பார். அடியில் படுத்து, துரு இருக்கிறதா என்று ஃப்ரேமைத் தட்டிப் பார்க்கச் சொல், புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேள். நான்கு சக்கர இயக்கம் எப்போதும் ஓடுவதா, தேவைப்படும்போது போடுவதா என்றும் கேள். பின்னது என்றால் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது, கியர் பெட்டிகள் முறுக்கிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களின் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. முன்பணம் கொடுப்பதை நான் பார்த்துச் சொன்னபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா