‘வீட்ல வேற யாருக்கு அசதி?’னு ஒரு கேள்வி கேளுங்க: டெல்டா சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும், வீடு வீடா வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லைங்க. மன்னார்குடி பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதறவ. நகைக்கடனுக்கு வர்ற பொம்பளைங்க பெஞ்சுல உக்காந்து பேசறத காதுல வாங்கிக்கிட்டேதான் என் வேலை ஓடும், அதுல பாதி உடம்பு பேச்சு. ராத்திரி பூரா தூங்கியும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது, கை காலெல்லாம் ஓஞ்சு போகுது. அடுத்த வரி என்னன்னு எனக்கே மனப்பாடம்: "எங்க அம்மாவும் இப்படித்தான், சின்னம்மாவும் இப்படித்தான், எங்க வீட்டு வாகு அது." அதோட அந்தப் பேச்சு முடிஞ்சு நகை எத்தனை கிராம்னு ஆரம்பிச்சிடுவாங்க.

மூணு தலைமுறையா ஒரே வீட்ல ஒரே கம்ப்ளைன்ட்னா டாக்டருக்கு அது எவ்வளவு பெரிய துப்பு! ஆனா எங்க ஊர்ல அதையே காரணமா சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்காங்க. போனாலும் ஒரு சத்து ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், சிகப்பு டானிக். குளுக்கோஸ் ஏத்துனா ரெண்டு நாள் தெம்பா இருக்குங்கறாங்க, அந்த பாட்டில்ல இருக்கறது தண்ணியும் சர்க்கரையும், ரத்தம் ஊற அது என்ன பண்ணும்?

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுலேர்ந்து அக்கா திண்ணைல உக்காந்து பிரஷர் பாக்கறாங்க, விரல்ல குத்தி சுகர் பாக்கறாங்க, மாத்திரைய கைல குடுத்துட்டு போறாங்க. உண்மையிலேயே நல்ல வேலை, நான் குறை சொல்ல எழுதல. அதே திண்ணைல ஒரு கேள்வி சேத்து கேட்கணும்னுதான் எழுதறேன்: இந்த அசதி வீட்ல வேற யார் யாருக்கு இருக்கு, அவங்க ரத்த சொந்தமா, வாக்கப்பட்டு வந்தவங்களா?

இந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம். மருமகளா வந்தவளுக்கும் வந்த ரெண்டு வருஷத்துல அதே அசதின்னா கோளாறு அந்த வீட்டு அடுப்படில, வேலைல, தூக்கத்துல இருக்கு. மருமக நல்லா இருக்கா, ஆனா மாமியார், நாத்தனார், அவங்க பொண்ணுன்னு ரத்தத்தோடயே போகுதுன்னா அது வேற ரூட்டு. இதுல நம்ம ஊர் சிக்கல் ஒண்ணு, மருமகளே பாதி வீட்ல மாமன் மகளாவோ அக்கா மகளாவோ இருப்பா! அதனால அதையும் கேட்டாத்தான் கணக்கு சரியா வரும்.

வீட்டுக் காரணத்துல முதல் ஆளு இரும்புச்சத்து. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை, அதாவது என் பெஞ்சுல உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர். வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டுட்டு கையோட ஒரு டீ, அந்த டீ சாப்பாட்டுல இருக்கற கொஞ்ச இரும்பையும் உடம்புல சேர விடாது. கடைசியா சாப்பிடறது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல, குழம்புல மீன் தலை தவிர ஒண்ணும் மிஞ்சாது. மாசாமாசம் அதிகமா படறத வெளில சொல்லவும் மாட்டாங்க. செருப்பில்லாம ஈர மண்ணுல நிக்கறவங்களுக்கு கொக்கிப்புழு கால் தோல் வழியாவே உள்ள போய் குடல்ல உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்தை உறிஞ்சும். பள்ளிக்கூடத்துலயும் அங்கன்வாடிலயும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10னு பசங்களுக்கு பூச்சி மாத்திரை குடுக்கறீங்க, சரி, அந்தப் பையனோட 50 வயசு ஆத்தா நடவுக்கும் களைக்கும் போறாளே அவளுக்கு?

இரும்பு மாத்திரை குடுக்காம இல்ல, குடுக்கறீங்க. எங்க தெருவுல ஒரு வீட்ல அரிசி ட்ரம் பின்னாடி பிரிக்காத அட்டையா அடுக்கி வெச்சிருந்தத நான் பாத்திருக்கேன். ஏன்மான்னு கேட்டா, "அதப் போட்டா வெளிய கருப்பா போகுது, வயிறு கட்டிக்குது, பயமா இருக்கு"ங்கறா. கருப்பா போறது இரும்புனாலதான், பயப்பட வேண்டாம், டீயோட போடாதே, எலுமிச்சை சாறோட போடு, வயித்துக்கு ஒத்துக்கலன்னா வந்து சொல்லுன்னு ஒரு நிமிஷம் பேசியிருந்தா அந்த அட்டை ட்ரம் பின்னாடி போயிருக்காது.

இப்போ ரத்தத்துல வர்றதுக்கு வர்றேன், மடல் எழுதுனதே இதுக்காகத்தான். எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல அக்கா, தங்கச்சி, அக்கா மகன் மூணு பேருக்கும் ஹீமோகுளோபின் 10ஐ தாண்டுனதே இல்ல. வருஷக்கணக்கா இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஒண்ணும் அசையல. "ஒழுங்கா மாத்திரை போடறதில்ல"ன்னு திட்டு வேற. கடைசில ஒரு டாக்டரம்மா அந்தப் பழைய ரத்த ரிப்போர்ட்டையே எடுத்து வெச்சு ஒரு வகுத்தல் கணக்கு போட்டாங்க. ரிப்போர்ட்ல ஹீமோகுளோபினுக்கு கீழ எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணு எவ்வளவு பெருசுன்னு சொல்றது, இவங்களுக்கு 64, சாதாரணமா 80க்கு மேல இருக்கணும். சிவப்பணு எண்ணிக்கை 5.6 (மில்லியன் கணக்குல), அது நிறையவே இருக்கு. 64ஐ 5.6ஆல வகுத்தா 11 சொச்சம். 13க்கு கீழ வந்தா தலசீமியா மைனரான்னு, அதாவது ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரைக் கோளாறு லேசா இருக்கான்னு சந்தேகப்படணும், மேல வந்தா இரும்பு பத்தலையான்னு பாக்கணும், இதுக்கு மெண்ட்சர் கணக்குன்னு பேராம். இது முடிவு இல்ல, சந்தேகம்தான். ஆனா அந்த சந்தேகத்துல ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுக் காட்டற ஹெச்பிஎல்சி டெஸ்ட் எடுத்தாங்க, ஹீமோகுளோபின் ஏ2 சாதாரணமா 3.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், இவங்களுக்கு 5 தாண்டிடுச்சு. மூணு பேரும் கேரியர், அதாவது அந்தக் கோளாறைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவங்க.

அந்த எண்ணெல்லாம் அத்தனை வருஷமும் அதே தாள்ல அச்சாகி கைல இருந்திருக்கு பாருங்க, எல்லாரும் மேல இருந்த ஒரே ஒரு வரிய பாத்துட்டு மடிச்சு குடுத்திருக்காங்க.

தலசீமியா மைனர் இருக்கறவங்க பெரும்பாலும் நல்லாவே வாழலாம், நிறைய பேருக்கு அசதிகூட தெரியாது. இரும்பு நிஜமாவே கம்மியான்னு ஃபெரிட்டின்ங்கற ரத்த டெஸ்ட் பாக்காம வருஷக்கணக்கா மாத்திரை குடுக்கறதுதான் தப்பு, ஏன்னா கேரியருக்கும் தனியா இரும்புக் குறை வரலாம், ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். ஆனா பெரிய விஷயம் கல்யாணம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே கேரியர்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு தலசீமியா மேஜரா, அதாவது அதே கோளாறு கடுமையா இருந்து பொறக்க, அந்தப் பிள்ளைக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம் ரத்தம் ஏத்தணும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக் குடுக்கற ஊர்ல ரெண்டு பேரும் கேரியரா இருக்க சான்ஸ் எவ்வளவு கூடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சொந்தத்துல கட்டாதேன்னு சொன்னா எங்க பெருசுங்க கம்ப தூக்கிட்டு வருவாங்க, ஜாதகம் பாக்கறப்ப ஒரு ரத்த டெஸ்டும் பாத்துடுங்கன்னு சொன்னா கேப்பாங்க, நான் சொல்லிப் பாத்திருக்கேன்.

தைராய்டும் அப்படித்தான், அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வர வாய்ப்பு கூட. எடை ஏறுது, முடி கொட்டுது, மலச்சிக்கல், மத்தவங்க விசிறிக்கிட்டு இருக்கறப்ப இவங்களுக்கு குளுருது. டிஎஸ்ஹெச்னு ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். மாத்திரை குடுக்கறப்ப தயவுசெஞ்சு காபிய பத்தி சொல்லுங்க, இது கும்பகோணம் டிகிரி காபி ஊரு, மாத்திரையும் டம்ளரும் ஒண்ணா உள்ள போகும், அப்புறம் டோஸ் ஏத்திக்கிட்டே போவீங்க. வெறும் வயித்துல போட்டு அரைமணி ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி. இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் கேப் விடணும்.

சுகரும் குடும்பத்தோட வர்றதுதான், அதை பாக்கறீங்க. ஆனா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா போட்டா பி12 வைட்டமின் குறையலாம்னு அந்த அக்காமார்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தீங்களா? கால் மதமதன்னு இருக்கு, அசதியா இருக்குன்னா எல்லாம் சுகர் மேல பழிபோட்டு முடிச்சிடறாங்க. சுத்த சைவ வீட்ல பி12 மொத்த குடும்பத்துக்குமே கம்மியா இருக்கும், அத வாகுன்னுதான் சொல்லிக்கறாங்க. அப்புறம் கொறட்டை, அப்பனும் மகனும் கொறட்டை விட்டு பகல்ல டிராக்டர்ல உக்காந்தே தூங்கறாங்கன்னா அது தூக்கத்துல மூச்சு தடைபடற வியாதியா இருக்கலாம், சிரிச்சுட்டு விடாதீங்க.

எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வர்றவங்களும் இருக்காங்க. ஆறு மாசத்துக்கு மேல அசதி, ஓய்வெடுத்தும் தீரல, கொஞ்சம் வேலை செஞ்சா மறுநாள் எந்திரிக்கவே முடியலன்னா அதுக்கும் பேர் இருக்கு, நாள்பட்ட அசதி நோய்க்குறின்னு. மனச்சோர்வும் அசதியாத்தான் வெளில தெரியும் பல பேருக்கு. அவங்கள சோம்பேறின்னு எழுதாம இருந்தாலே பாதி உபகாரம்.

செலவு பெருசா ஆகாதுன்னு நினைக்கறேன். வீட்டுக்கு வர்ற நோட்டுல ஒரு வரி, ரத்த ரிப்போர்ட்ட பாக்கற லேப் தம்பிக்கு அந்த வகுத்தல் கணக்கு, சந்தேகம் வந்தா குடும்பத்தோட மெடிக்கல் காலேஜுக்கு ஒரு சீட்டு. இதுக்கு முகாம் போடறதா இருந்தா மே மாசத்துல போடுங்க, ஜூன் 12ல மேட்டூர் தொறந்துட்டா குறுவை நாத்து, நடவுன்னு ஒருத்தியும் கூலிய விட்டுட்டு வரமாட்டா. காலை 10 மணிக்கும் வேண்டாம், நூறு நாள் வேலைக்கு போயிடுவாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல, எங்க சங்கத்து கட்டடத்துலயே போடலாம், பெஞ்சும் ஃபேனும் இருக்கு, சாவி என்கிட்டதான்.