முகவாதம்: ‘தானாகச் சரியாகும்’ என்பது பாதிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில், முகத்தின் ஒரு பாதி திடீரென்று அசையாமல் போகும் முகவாதம் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று முடித்திருந்தீர்கள். தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் விஷயத்தில் பாதிதான் அது. அந்தப் பாதியை நம்பி இரண்டு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. தூக்கக் கலக்கம் என்று மறுபடி கொப்பளித்தேன், மறுபடியும் ஒழுகியது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் இடது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. சிரித்துப் பார்த்தேன், வாய் வலப்பக்கம் கோணிக்கொண்டு போனது. கண்ணை மூடச் சொன்ன மனைவி, இடது பக்கம் மூடவில்லை, வெள்ளை விழிதான் தெரிகிறது என்று பதறிவிட்டாள். முந்தின நாளே அந்தக் காதுக்குப் பின்னால் வலி இருந்தது, தலையணை சரியில்லை என்று விட்டிருந்தேன்.

அந்த நெற்றியைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் அடிபட்டாலும் பெரும்பாலும் புருவத்தை உயர்த்த முடியும், வாய்தான் கோணும். முகவாதத்தில் மூளைக்குக் கோளாறு இல்லை, அதிலிருந்து வெளியே வந்து முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பே காதுக்குப் பின்னால் ஒரு குறுகலான எலும்புக் குழாய்க்குள் வீங்கி நசுங்கிப் போகிறது, ஆகவே நெற்றியிலிருந்து தாடை வரை பாதி முகம் மொத்தமாகப் படுத்துவிடும். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது, மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்கள் நெற்றியையும் விட்டுவைப்பதில்லை. கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, தள்ளாடுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இதில் ஏதாவது கூட வந்தால் கண்ணாடி முன்னால் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், ஏனென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

எனக்கு அதெல்லாம் இல்லை. குளிர்காற்று பட்டிருக்கும் என்றார் ஒரு சொந்தக்காரர், தானாகப் போய்விடும் என்றார் இன்னொருவர், சரி என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கண் சிவந்து உறுத்த ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்றார், சொன்னேன், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து மணி நேரம்தான் பாக்கி என்றார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் முழுப் பலன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நேரத்துக்குள் இந்த மாத்திரையைத் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு 94 பேர் முழுசாகக் குணமானார்கள், அது இல்லாமல் இருந்தவர்களில் 82 பேர். நீங்கள் சொல்லும் ‘தானாகச் சரியாகும்’ என்பது இந்த 82. நடுவில் நிற்கும் பன்னிரண்டு பேரை யார் கணக்கில் எடுப்பது? சர்க்கரை இருப்பவர்களுக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றவும் செய்யும், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது வேறு, அக்கி வைரஸின் வேலை, அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்துத் தருவார்கள்.

கண்ணைப் பற்றி உங்கள் குறிப்பில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. எனக்கு டாக்டரிடம் அதிகத் திட்டு விழுந்ததே அதற்குத்தான். மூடாத கண்ணின் கருவிழி ராத்திரி முழுக்கக் காய்ந்து புண்ணாகலாம், வாய் நேரானாலும் அந்தத் தழும்பு போகாது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, படுக்கும்போது களிம்பு, மேலே இமையை இழுத்து மூடி டேப். நானோ கெட்டிக்காரத்தனமாகப் பஞ்சை வைத்து ஒட்டியிருந்தேன், உள்ளே கண் திறந்தே இருந்ததால் பஞ்சு கருவிழியை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

தசையை அசைக்க முகத்தில் கரண்ட் வைக்கச் சொல்லி ஒரு கூட்டமே வந்தது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று டாக்டர் மறுத்துவிட்டார். மூன்றாவது வாரம் புருவம் லேசாகத் துடித்தது, நாலு மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் திரும்பியது. இப்போதும் வாயைக் குவித்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும், நரம்பு மறுபடி வளரும்போது சில இழைகள் தடம் மாறிப் போனதன் மிச்சம். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லை என்றாலோ, திடீரென்று இல்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு வந்தாலோ அது முகவாதமாகவே இல்லாமல் கட்டியாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இதைப் போடும்போது ‘தானாகச் சரியாகிவிடும்’ என்ற வரிக்கு மேலே, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கெடு என்று ஒரு வரி சேருங்கள். இடம் பற்றாது என்றால் குறிப்போடு போட்டிருந்த அந்தச் சிரிக்கும் முகத்தின் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்