சந்தா கட்டலாமா என்று யோசிக்கும் துணை விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தனியார் விமான நிறுவனங்களில் பறக்கும் துணை விமானிகளுக்கும், அண்மையில் நாலாவது பட்டை ஏறிய கேப்டன்களுக்கும்,

வணக்கம்.

"சங்கத்துக்குக் காசு கட்டி என்ன கிடைக்கப்போகிறது? அவர்கள் வாங்கித் தருவது எப்படியும் எனக்கும் சேர்த்துத்தானே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சங்கக்காரர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். ஒற்றுமை, தியாகம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய் அளவுக்குக் கடன் வாங்கிப் பயிற்சி முடித்து, மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அதனால் செலவு எவ்வளவு, வரவு என்ன, எந்த இடத்தில் சங்கம் கைவிரிக்கும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் பணம். அமெரிக்காவின் ஆல்பா எனப்படும் விமானிகள் சங்கம் உறுப்பினரின் வருமானத்தில் 1.85 விழுக்காட்டைச் சந்தாவாக வாங்குகிறது. ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் சம்பாதிக்கும் கேப்டன் 5,550 டாலர் கட்டுகிறார். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்பந்தம்: பணிமூப்புப் பட்டியல், ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணை போடும் முறை, புகார் விசாரணை எல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். அதைப் பேசி முடிக்கச் சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், மருத்துவர்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நம்மூர்ச் சங்கங்களின் சந்தா அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே "சந்தா அதிகம்" என்ற வாதத்தை இந்தியாவில் வைக்க முடியாது. "இவ்வளவு குறைந்த சந்தாவில் இவர்களால் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டால்தான் பொருந்தும்.

செய்ததற்குச் சான்று உங்கள் ரோஸ்டரிலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்றிருந்த 'இரவு' காலை 6 வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறாக இருந்த தரையிறக்கங்கள் இரண்டாகக் குறைந்தன. அந்த ஒரு மணி நேர நீட்டிப்பு சின்ன விஷயமாகத் தெரியலாம். அதிகாலை 5:15 மணிக்கு ரிப்போர்ட் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 3 மணிக்கு எழுந்து, 4 மணிக்கு வண்டி ஏறியிருப்பார். பழைய விதிப்படி அவர் செய்வது பகல் பணி. நாலு செக்டார், அதாவது ஏறி இறங்கும் நாலு பயணங்கள், கொடுக்கலாம். புதிய விதியின் எழுத்துப்படி அது இரவுப் பணி. இரண்டு தரையிறக்கத்தோடு சரி. விமான நிறுவனங்கள் இந்த விதியை எதிர்த்து ஏன் அவ்வளவு மல்லுக்கட்டின என்பது இந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதி தள்ளிப்போனது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றவை விமானிகளின் சங்கங்கள்தான். கடைசியில் 2025 ஜூலை 1 அன்று ஒரு பகுதியும் நவம்பர் 1 அன்று மீதியும் அமலுக்கு வரும் என்று டிஜிசிஏ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதிகளில் விலக்கு கிடைத்தது. விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற அறிவுறுத்தலையும் டிஜிசிஏ எல்லா நிறுவனங்களுக்குமாக விலக்கிக்கொண்டது. வருடக்கணக்கில் வழக்காடி வாங்கியது ஒரே வெள்ளிக்கிழமையில் கரைந்துபோனதைப் பார்த்தோம்.

48 மணி ஓய்வு சந்தா கட்டாதவருக்கும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வழக்கறிஞர் கட்டணத்தைக் கட்டியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் சலித்து ஒதுங்கினால் அடுத்த விலக்கு வரும்போது மனு போட ஆள் இருக்காது. இது உபதேசம் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பதை விட்டுவிடுவோம். உறுப்பினருக்கு மட்டும் கிடைப்பது எது? விசாரணை நாளில் பக்கத்தில் உட்காரும் ஆள்.

மது அருந்தியிருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் சோதனையில் நடப்பதைப் பாருங்கள். கருவி பூஜ்யத்துக்கு மேல் காட்டுகிறது. சிறிது இடைவெளி விட்டு மறு சோதனை உண்டு. அதற்குள் பதற்றத்தில் அறையை விட்டுப் போய்விட்டால், அல்லது ஊத மறுத்தால், சோதனையைத் தவிர்த்ததாக எடுத்துக்கொள்வார்கள். முதல் முறை உறுதியானால் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும்; இரண்டாம் முறை மூன்று ஆண்டு; மூன்றாவது முறை ரத்து. அந்த இடைவெளியில் செய்ய வேண்டியவை நாலுதான். அங்கேயே இருப்பது. கருவியின் வரிசை எண்ணையும் கடைசியாக அளவீடு சரிபார்த்த தேதியையும் குறித்துக்கொள்வது. இரண்டு சோதனைகளின் நேரத்தையும் எழுதிக்கொள்வது. சாட்சியாக இருந்தவர் யார் என்று பதிவேட்டில் பார்ப்பது. வாய் கொப்பளிக்கும் மருந்தா, இருமல் மருந்தா என்று வாய்மொழியாக விளக்கம் சொல்வதால் ஒரு பலனும் இல்லை. இதை விடியற்காலை 4 மணிக்குத் தொலைபேசியில் சொல்லித்தர ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இருந்தால் பல வருடச் சந்தா அந்த ஒரு அழைப்பிலேயே ஈடாகிவிடும்.

கடினத் தரையிறக்கம், நிலைப்படாத அணுகல் (வேகமோ உயரமோ சீராக இல்லாமல் தரையிறங்க வருவது), ஓடுபாதையை மாற்றிப் புரிந்துகொண்டது போன்றவற்றில் கெட்டுப்போகும் இடம் வேறு. பெரும்பாலும் விஷயம் கெடுவது முதல் 24 மணி நேரத்தில். 'சும்மா ஒரு பேச்சுக்கு' என்று அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். அல்லது நடந்ததை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்வார்கள். தூக்கமில்லாமல், பயத்தில், மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதிய அந்த மின்னஞ்சல் பிறகு ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும். காரணம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு சங்கத்திடம் ஓடிவருபவர்களில் பலர் இந்த வேலையை முன்பே முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதன் பிறகு எந்த வழக்கறிஞராலும் அதை அழிக்க முடியாது. சட்டப்படி அனுப்ப வேண்டிய சம்பவ அறிக்கையைக் காலத்தோடு, நடந்ததை மட்டும் வைத்து அனுப்புங்கள். விளக்கமும் காரணமும் கேட்டால், பறப்புத் தரவின் நகல், முந்தைய இரண்டு வார ரோஸ்டர், அன்றைய வானிலைப் பதிவு மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பதில் எழுதுங்கள். பறக்க முடியாத அளவுக்குக் களைப்பு என்று தெரிவிக்கும் சோர்வு அறிக்கை எதுவும் அந்த வாரத்தில் கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் அனுப்பிய நேரத்தையும் சேருங்கள். பறந்து முடித்த பிறகு கொடுத்த சோர்வு அறிக்கைக்கு மதிப்பு குறைவு. பறக்கும் முன் கொடுத்ததற்குத்தான் பலம்.

இறந்துபோன விமானிக்குப் பேச ஆள் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 12 அகமதாபாத் ஏர் இந்தியா விபத்துக்குப் பின், சரியாக ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வந்தது. எரிபொருள் சுவிட்சைப் பற்றி காக்பிட்டில் நடந்த பேச்சு யார் சொன்னது என்ற விவரமில்லாமல், ஓரிரு வரிச் சுருக்கமாக அதில் இருந்தது. அதை வைத்தே வெளிநாட்டுப் பத்திரிகைகள் விமானிகள் பக்கம் விரல் நீட்டின. அவற்றுக்கு சட்ட நோட்டீஸ் அனுப்பியதும், கேப்டனின் தந்தையோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனதும் இந்திய விமானிகள் கூட்டமைப்பு. அந்த விபத்துக்குக் காரணம் எது என்பது விசாரணை முடிவு செய்ய வேண்டியது. ஆனால் முடிவதற்குள் தீர்ப்பெழுதாதே என்று சொல்ல ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

இனி சங்கம் எங்கே பலவீனம் என்று பார்ப்போம். இதைச் சங்கத் தலைவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமும் அதற்குள் போய்விட்டன. ஒரு நிறுவனத்தின் வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சு நடத்தும் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும். அதில் ஒவ்வொரு 20 விழுக்காட்டுக்கும் ஓர் இடம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் 10,000 தொழிலாளர்கள், அவர்களில் 1,500 பேர் விமானிகள் என்று வைத்துக்கொள்வோம். விமானிகள் ஒருவர்கூட விடாமல் சேர்ந்தாலும் 15 விழுக்காடுதான். சட்டத்தின் எழுத்துப்படி குழுவில் ஓர் இடத்துக்குக்கூட எட்டாது. அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் விரிந்தபோது விமானிகளைத் தனி வகுப்பாக வைத்தது. அவர்கள் தங்களுக்குள் வாக்களித்தால் போதும். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. பழைய ஏர் இந்தியாவில் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் கேபின் பணியாளர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. அவற்றின் அங்கீகாரம் நிர்வாகம் கொடுத்தது, நிர்வாகமே திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது.

எடுத்தும்கொண்டது. 2011இல் ஊதியச் சமநிலை கேட்டு, ஏர் இந்தியாவோடு இணைக்கப்பட்ட பழைய இந்தியன் ஏர்லைன்ஸின் விமானிகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரம் போனது. 2012இல் ட்ரீம்லைனர் (போயிங் 787) விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற தகராறில், ஏர் இந்தியா தரப்பு விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைநிறுத்தத்தில் நின்றது. அங்கீகாரம் போனதோடு பலருக்கு வேலையும் போனது. அந்தச் சண்டையின் பாதி சக விமானிகளோடு. எங்கள் மதிப்பீட்டில் அது சங்கம் செய்த மிகப் பெரிய தவறு. ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானிப் பிரிவுகள் பயிற்சி இடத்துக்காக அடித்துக்கொண்டால் நிர்வாகம் வேடிக்கை பார்த்தாலே போதும்.

'தொழிலாளர்' யார் என்ற சிக்கலும் இருக்கிறது. சம்பளம் எத்தனை லட்சம் என்பது மட்டும் அதை முடிவு செய்யாது. செய்யும் வேலை நிர்வாக வேலையா, மேற்பார்வை வேலையா என்பதைத்தான் பார்ப்பார்கள். மேற்பார்வை வேலை என்றால் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் வெளியே. கேப்டன் காக்பிட்டில் கட்டளையிடுகிறாரே, அது மேற்பார்வைதானே என்று நிறுவனங்கள் வாதாடி வருகின்றன. ஆகவே பதவி உயர்வு என்ற பெயரில் 'நிர்வாகப் பிரிவு' என்ற சொல் உங்கள் நியமனக் கடிதத்தில் ஏறினால் கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் வேலையை விட்டு எடுப்பதும் சட்டப்படி முறையற்ற தொழில் நடவடிக்கை. ஆனால் அந்தப் பாதுகாப்பு 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் இருப்பவருக்குத்தான்.

வேலைநிறுத்தம் என்ற ஆயுதமும் மழுங்கிவிட்டது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸில் சங்கம் தொடங்கியதற்காக நீக்கப்பட்ட இரண்டு பேருக்காக விமானிகள் கூட்டாக நோய் விடுப்பு எடுத்தார்கள். ஐந்தே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. இன்று 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தக் கணக்குதான். அதே ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி நின்ற அதே விமானிகளுக்கு அதே சங்கத்தால் பணத்தை வாங்கித்தர முடியவில்லை. கல்லாவில் காசு இல்லாத முதலாளியிடம் எந்தச் சங்கமும் வசூலிக்க முடியாது.

அப்படியானால் எதற்குச் சேர வேண்டும் என்கிறீர்களா? சங்கம் இல்லாமல் நடந்ததையும் பாருங்கள். 2024 தொடக்கத்தில் விஸ்தாரா விமானிகளுக்குப் புதிய ஒப்பந்தம் வந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதந்தோறும் உறுதியாகக் கிடைக்கும் பறப்பு நேர ஊதியம் 70 மணியிலிருந்து 40 மணி ஆனது. பேரம் பேச அங்கீகாரம் பெற்ற சங்கம் அங்கே இல்லை. பலர் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தார்கள், விமானங்கள் ரத்தாயின, நிறுவனம் பறப்பைக் குறைத்தது. ஆனால் கோபத்தை எழுத்தாக்கி, யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று சொல்ல ஒரு மேசை இல்லை.

எங்கள் கருத்து, சேருங்கள். பிரச்சினை வந்த பிறகு சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். உறுப்பினராவதற்கு முந்தைய சம்பவங்களுக்கு உதவுவது கட்டாயமில்லை என்று விதி வைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை உண்டு. பணம் குறைவான சங்கத்துக்கு வேறு வழியும் இல்லை. சம்பளத்தில் பிடித்துக்கொடுக்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளாத இடத்தில் வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். கார்டு காலாவதியாகி, சந்தா நின்றுபோய், அது தெரியாமலே உறுப்பினர் பட்டியலிலிருந்து விழுபவர்கள் நிறைய.

சேரும் முன் கேட்க வேண்டியதையும் கேளுங்கள். கடந்த ஆண்டுத் தணிக்கைக் கணக்கு எங்கே? கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. தர மறுக்கும் சங்கத்தில் பணம் போடாதீர்கள். சந்தாவில் எத்தனை பங்கு வழக்குக்குப் போகிறது, எத்தனை பங்கு மாநாட்டு ஓட்டலுக்குப் போகிறது? இரவு நேர உதவி எண் இருக்கிறதா? அதை ஒரு நள்ளிரவில் அழைத்துப் பாருங்கள். மருத்துவத் தகுதி இழந்தால் கிடைக்கும் லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டைக் கூட்டாக எடுத்திருக்கிறார்களா, தற்காலிகத் தகுதியின்மைக்கும் அது பணம் தருமா, எத்தனை நாள் கழித்து? செயற்குழுவில் எத்தனை துணை விமானிகள்? பல சங்கங்களில் இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சங்கடமான மௌனம்தான்.

சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. துணை விமானியின் சந்தாவைக் கேப்டனின் சந்தாவில் பாதியாக வையுங்கள். தவணை கட்டும் முதல் இரண்டு ஆண்டுக்கு இன்னும் குறையுங்கள். 15 விழுக்காட்டுக் கணக்கை மேலே போட்டிருக்கிறோம். கேபின் பணியாளர்களையும் பொறியாளர்களையும் தரைப் பணியாளர்களையும் கூட்டாளிகளாகச் சேர்க்காமல் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைக்காது. விமானிகள் தனி வகுப்பு என்று சட்டத்திருத்தம் கேட்பதானால் கேளுங்கள். அது வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உங்கள் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில்தான் கேபின் பணியாளர்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதமே அவர்களோடு ஒரு கூட்டம் போட்டு, வருகைப் பட்டியலில் யார் யார் 'தொழிலாளர்', மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
விமானிகளின் பணி விதிகளையும் சங்கக் கணக்குகளையும் தொடர்ந்து கவனித்துவருவோர்