கரை ஒதுங்கிய கட்டையும் மீன்தொட்டியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனுஷ்கோடிக் கரையில் ஒதுங்கும் கட்டைகளை வண்ணமீன் தொட்டிக்கென்று எடுத்துப் போகிறார்கள். மண்டபத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறேன். மீன் செத்த பிறகு கட்டையோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனது கேட்கவில்லை.

முதலில் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பெயிண்ட் ஒட்டியிருந்தாலோ ஆணித்துளையைச் சுற்றித் துரு படிந்திருந்தாலோ அது படகுப் பலகையாக இருக்கும், விட்டுவிடுங்கள். படகின் அடியில் பூசும் பெயிண்டில் செம்பு கலந்திருக்கலாம். தொட்டி இறாலும் நத்தையும்தான் அதற்கு முதல் பலி. நகம் பதிகிற அளவுக்கு உளுத்த கட்டையும் வேண்டாம்.

அப்புறம் உப்பு. அது கட்டைக்குள்ளே ஊறியிருக்கும், மேலே கழுவினால் போகாது. பிரஷ்ஷால் தேய்த்து, 2 மணி நேரம் கொதிக்க வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி 3, 4 வாரமாவது ஊறப்போட வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் ஊறவைத்து என்ன பயன்? மழைத்தண்ணீரோ காவிரித் தண்ணீரோ பிடியுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பு முதலியவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில், ஊறிய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் சரி. தண்ணீர் டீ நிறமானால் பயம் வேண்டாம், அது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்ற இயற்கைப் பொருள். சோப்பு மட்டும் போடவே கூடாது.

கட்டையோடு பவளத்துண்டையும் எடுக்கிறார்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் அதை எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இதைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்